உள்ளே கிடந்த மஞ்சள் கயிறு

அழைப்பு மணி அடித்தால் சுலோசனாவின் வலது கை முதலில் கழுத்துக்குத்தான் போகும். மஞ்சள் கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்ட பிறகே கதவைத் திறப்பாள். தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸைப் பொறுத்தவரை அவள் வைதேஹியின் கல்யாணமாகாத தங்கை. அக்காவுக்குக் குழந்தை இல்லையென்று அவளையும் அத்திம்பேர் சுந்தரேஷுக்கே கட்டிவைத்தது வெளியே தெரிந்தால், அவருடைய உத்தியோகம் போய்விடும்.

“முருகனுக்கே ரெண்டு பேர்டி,” என்று சுந்தரேஷ் சிரிப்பார்.

“முருகன் என்ன சர்க்கார் உத்தியோகமா பார்க்கறார்?” என்பாள் வைதேஹி. அவள் சிரிக்கமாட்டாள்.

ஊருக்குப் போய்ச் சுலோசனா பெற்றுவந்த மேதா, அங்கே அக்காவின் பெண்ணாக வளர்ந்தாள். பெற்றவளைச் சித்தி என்றாள்.

சுந்தரேஷ் செத்துப்போன பத்தாம் நாள், வைதேஹியின் தாலியைக் கழற்றப் பெண்கள் சூழ்ந்து நின்றார்கள். அவரே போன பிறகு யாருக்குப் பயப்பட வேண்டும் என்று சுலோசனாவுக்குத் தோன்றியது. மேதா ஒரே ஒரு தடவை தன்னை அம்மா என்று கூப்பிட்டால் போதும். அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து தன் கயிற்றை வெளியே எடுத்துப் போட்டாள்.

மேதா அவள் காதருகே குனிந்தாள். “சித்தி, உள்ளே போட்டுக்கோ. ஜல்தி. எல்லாரும் பார்க்கறா.”

கை பழக்கப்படி செய்தது. பாவம், குழந்தைக்கு என்ன தெரியும் என்று சுலோசனா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மேதாவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே எல்லாம் தெரியும் என்று, மறுவருஷம் அவருடைய வருஷாப்திகத் திதி முடிந்த பிறகு வைதேஹிதான் சொன்னாள்.