மலர் அக்கா ஒப்புக்கொள்ளாத சொல்

மலர் அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்குக் கைபேசியில் மரண அறிவித்தலாகத்தான் வந்தது. வாசித்துக்கொண்டே போனவன் சகோதரர் வரியில் நின்றுவிட்டேன். 'காலஞ்சென்ற குகன்' என்று போட்டிருந்தார்கள். அழுகைக்கு முன்னம் கோபம்தான் வந்தது.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாழும் டோர்செட் பார்க்கில், எங்கள் அடுக்குமாடிச் சனத்தை வருடம் ஒருமுறை பஸ் பிடித்து எங்காவது கூட்டிப்போவது அக்காவின் வேலை. யாரும் கொடுத்ததல்ல, தானே எடுத்துக்கொண்டது. போர் முடிந்த அந்த மே மாதம், பயணத்தை நிறுத்தச் சொல்லிப் போனவன் நான். அவருடைய தம்பி குகன் வன்னிக்குள் இருந்தார், சேதியே இல்லை. "சனம் செத்துக் கிடக்குது, உங்களுக்குப் பிக்னிக்கோ?" என்று கதவடியில் நின்றே கேட்டேன். அக்கா மரக்கறி றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

"அழுறதெண்டா பஸ்ஸிலை ஏறி அழு. ஒருத்தரும் கதவைப் பூட்டிப்போட்டுத் தனியக் கிடக்கக்கூடாது" என்றார். ஏறினேன்.

போன இடம் ஒரு குன்று. வெள்ளைக்காரர் வருவதற்கு முன்னம் இந்த மண்ணின் மக்கள் அதன்மேல் ஊர் கட்டி, சுற்றிவர மரக்கம்பங்களை நெருக்கமாக நட்டுக் கோட்டையாக்கியிருந்தார்கள். கல்மதிலை எதிர்பார்த்துப் போன எங்களுக்கு, திரும்பக் கட்டி வைத்திருந்த அந்த மர அரண், ஊரில் தடிகள் நட்டு அடைக்கும் எங்கள் கதியால் வேலியை ஆளுயரத்துக்கு மேல் வளர்த்துவிட்டது போலிருந்தது. வாசற் பலகையில், அந்த மக்கள் அழிந்துபோனார்கள் என்று இருந்தது. அதை ஒருவர் தமிழில் சொன்னதும் பஸ்ஸில் அழாதவர்களும் அழத் தொடங்கினார்கள்.

"அழிஞ்சதை ஆர் கண்டது எண்டு கேள்" என்றார் அக்கா. வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். அவர் தயங்கி, பலகை பழையது, அவர்களின் சந்ததி கியூபெக்கில் இன்றும் வாழ்கிறது என்றார். அப்படியானால் மாற்றுங்கள் என்று பலகைக்கு முன்னால் நின்றுகொண்டார் அக்கா. சாரதி இரண்டுமுறை ஹோன் அடித்தும் அசையவில்லை. பொறுப்பாளர் வந்து மாற்றுவதாகச் சொன்ன பிறகுதான் பஸ்ஸில் ஏறினார்.

குகன் சரணடைந்து, படையினரின் வாகனத்தில் ஏறியதைக் கண்டவர்கள் பின்னர் சொன்னார்கள். அதற்குமேல் யாருக்கும் தெரியாது. செத்தவருக்கு எட்டாம் நாள் செய்யும் எட்டுச்செலவைச் செய்யச் சொன்ன உறவுக்கும், திதி பார்க்கச் சொன்ன ஐயருக்கும் அக்காவிடம் ஒரே கேள்விதான்: ஆர் கண்டது? திரும்பி வருவார் என்று நம்புகிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்பிக்கை இல்லையடாப்பா. கொண்டுபோனவன் பதில் சொல்லோணும். நானே செத்தவன் எண்டு எழுதிக் குடுத்தா, பிறகு ஆரிட்டைக் கேக்கிறது?"

அறிவித்தலைக் கண்ட கையோடு, விட்பியில் இருக்கும் அக்காவின் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "இவ்வளவு இயர்ஸ் ஆச்சு அங்கிள், வேறை என்ன போடுறது?" என்றான். வெறும் பெயரைப் போடு என்றேன். மாலையில் அறிவித்தல் மாறியிருந்தது: 'குகனின் அன்புச் சகோதரி.'

அக்காவை அறிந்தவர்களே, அவர் இறந்துவிட்டார். கண்டோம், வாய்க்கரிசி போட்டோம், அனுப்பிவைத்தோம். குகனைப் பற்றி யாராவது அப்படிச் சொல்ல வந்தால், அக்காவின் கேள்வி என்னிடம் இருக்கிறது. நான் கேட்பேன்.