நெம்பினால் போதும்

அந்த வட்டாரத்துப் பட்டறைகளில் கடப்பாரை என்றால் இரும்புக்கம்பி இல்லை, அந்த மனிதர்தான். முப்பது வருஷமாக இயந்திரங்களை இடம் மாற்றுகிறவர். அவர் எதிரில் 'தூக்கு' என்று வாய் தவறிச் சொன்னால் போயிற்று. "தூக்குறதுக்கு இது என்ன தலகாணியா? நெம்பணும்!" என்று எரிந்து விழுவார். தூக்கினால் மொத்தப் பாரமும் நம் முதுகில். நெம்பினால் பாரம் தரையிலேயே நிற்கும், ஒரு ஓரம் மட்டும் விரற்கடை எழும்பும். எழும்பிய இடத்தில் உடனே கட்டையைச் செருக வேண்டும். சாப்பிடும்போதுகூட இதே பேச்சுதான். வீட்டில் பீரோவை நகர்த்த வேண்டுமென்றால், அவர் வெளியே கிளம்பட்டும் என்று மனைவி காத்திருப்பாள்.

அன்று ஒரு அச்சுக்கூடத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம். இரண்டு டன் எடை. அவர் நெம்ப நெம்ப, தங்கை புருஷன் நாலு மூலையிலும் கட்டை செருகினான். டீ வந்தது. குடித்து முடித்து, அடியில் உருளைக் குழாயைத் தள்ள மாப்பிள்ளை இயந்திரத்தின் மேல் சாய்ந்தான். அது ஒரு மூலையாக இறங்கி அவன் பாதத்தின் மேல் உட்கார்ந்தது.

"தூக்குங்க! ஆளுக்கொரு பக்கம் பிடிங்க!" அச்சுக்கூடத்து ஆட்கள் பாய்ந்தார்கள்.

"எவனும் தொடாதீங்க!" அவர் கத்தினார். ஒருத்தன் பிடி நழுவினாலும் அதே காலில் மறுபடி விழும். கடப்பாரையை அடியில் கொடுத்தார். உடம்பு மொத்தத்தையும் போட்டு அமுக்கினார். விரற்கடை எழும்பியது. யாரோ கட்டையைச் செருகினார்கள். இன்னொரு அமுக்கு. கால் வெளியே வந்தது. அதைக் கால் என்று சொல்ல மனம் வரவில்லை.

மாப்பிள்ளையை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு முதலாளி அவர் தோளைத் தட்டினார். "நல்லவேள, நீங்க இருந்தீங்க."

அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. சுவரோரம் காலி டீ கிளாஸ், பக்கத்தில் ஒரு கட்டை. நாலாவது மூலையில் பாரம் ஏறாமல் லொடலொடவென்று கிடந்த கட்டை. உட்கார ஒன்றும் இல்லையே என்று அதை உருவிப் போட்டு உட்கார்ந்தவர் அவரேதான். ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய வாய் உலர்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் தங்கை ஓடி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நீ மட்டும் அங்க இல்லன்னா என் கதி என்னாயிருக்கும்?"

பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை.

"நான் இருந்ததாலதாம்மா ஆச்சு. அவன் வச்ச கட்டைய நான்தான் உருவினேன், உக்கார்றதுக்கு."

அவள் பிடித்த கையை விடவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"உக்கார்றதுக்கா, அண்ணா?"