பேக்கரி நடத்திய வேதியியல் பட்டதாரி

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கும் என் மகளுக்கும் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை சூடு பட்ட தழும்புகள். வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையால் வாசனையை மூக்குப் பக்கம் விசிறிப் பார்த்த பிறகுதான் வாயில் போட்டார்.

மகளுக்குச் செங்கல்பட்டுக் கல்லூரியில் வேதியியல் கிடைத்திருந்தது. அதைப் படித்தால் வேலை கிடைக்காது என்று, சீட்டை ரத்து செய்யத்தான் அவளை அழைத்துப் போனேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் முன் சீட்டுக்கு அடியிலிருந்த யாரோ ஒருவரின் பையிலிருந்து கண்ணெரியும் நெடி கிளம்பியது. கழிவறை ஆசிட் கசிந்து, கூட இருந்த பிளீச்சிங் பவுடரில் கலந்திருந்தது. மகள் மூச்சுத் திணறி இருமினாள்.

அந்தப் பெண் எழுந்து கத்தினார். “டிரைவரண்ணே, நிறுத்துங்க! குளோரின் அது. பைய யாரும் தொடாதீங்க. எறங்கி காத்து வர்ற பக்கமா போங்க!”

வெளியே வந்து சற்று நேரத்தில் மகளின் மூச்சு சீரானது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

“நீங்க டாக்டராம்மா?”

“இல்லண்ணா, பேக்கரி வெச்சிகினு கீறேன். படிச்சது கெமிஸ்ட்ரி.”

“அத படிச்சிட்டு பேக்கரியா?”

“மாவு உப்புறதும் கெமிஸ்ட்ரிதானே? என்கூட படிச்சவ ஒருத்தி போலீஸ் லேப்ல விஷம் கண்டுபுடிக்கிறா. இன்னொருத்தன் பெயின்ட் கம்பெனில கலர் கலக்கிகினு கீறான்.”

மகள் என்னைப் பார்த்தாள். நாங்கள் கல்லூரி வரை போகவில்லை. அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பினோம்.

இப்போது அவள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அன்று அந்தப் பெண்ணுக்கு மகளின் உயிருக்காக மட்டும்தான் நன்றி சொன்னேன். படிப்புக்காகவும் சொல்லியிருக்க வேண்டும்.