கதவுக்காரர்

கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்கிறார் கதவுக்காரர். அது போதும், கதவு தன் ஏழு தலைமுறைக் கதையையும் அவரிடம் ஒப்பித்துவிடும். சரி, ஏழு என்பது கொஞ்சம் கூடுதல். எந்தக் கீல் தேய்ந்திருக்கிறது, எந்த மூலை ஈரத்தில் உப்பியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். "கதவுக்கு ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் தண்ணி போட்டிருக்கு," என்பார் வீட்டுக்காரியிடம், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மனிதர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீயை நின்றுகொண்டுதான் குடிப்பார். அதுவும் ஓரிடத்தில் நிற்க மாட்டார். பிரார்த்தனையும் நடைதான். பிரார்த்தனைக் கூடத்தில் எல்லோரும் கண்மூடி அமர்ந்திருக்க, இவர் மட்டும் பின்சுவரோரம் கூண்டுப் புலியாக உலாத்துவார். கடவுளுக்கே கழுத்து வலித்திருக்கும். கேட்டால், "உக்காந்தா பழசும் வந்து பக்கத்துல உக்காந்துக்குது," என்பார்.

பழசு சின்னதில்லை. முதலில் இழைப்புளியை விற்றுக் குடித்தார். பிறகு உளிகளை. கட்டியவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனாள். வாடகை வீடும் ஒருநாள் தொண்டைக்குள் இறங்கியது. தெருத்தெருவாகக் கதவு மாட்டியவர், மழைக்குச் சாத்த ஒரு கதவில்லாமல் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் படுத்துக் கிடந்தார்.

பிரார்த்தனைக் கூடத்துப் படியில் ஒண்டியிருந்த ஒரு காலையில், கதவு தரையில் உரசுகிற சத்தம் காதை அறுத்தது. பொறுக்கமாட்டாமல் எழுந்துபோய்க் காவலாளியிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டார். கை நடுக்கத்தில் திருகாணி விழுந்துகொண்டே இருந்தது. "ஒரு வழியா மாட்டித் தள்ளினேன். சத்தமே இல்லாம தொறந்துச்சு. உள்ளேருந்து யாரோ புடிச்சு இழுத்த மாதிரி." கடவுளை எங்கே கண்டீர் என்று கேட்பவர்களுக்கு இன்றும் அந்தக் கீலைத்தான் காட்டுகிறார்.

அன்றே குடி நின்றது என்று அளந்துவிடலாம். நிற்கவில்லை. கூடத்தில் தங்கக் கொடுத்த பின்னறைக் கட்டிலிலிருந்து இரண்டு தடவை ஓடினார். இரண்டு தடவையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அதற்குப் பிறகுதான் குடி நின்றது. கால்தான் இன்னும் நிற்கவில்லை.

இப்போது அந்தக் கட்டிலுக்குப் பெஞ்சிலிருந்து இன்னொருவர் வருகிறார். இவர் வேறு இடம் பார்த்தாக வேண்டும். தையற்காரம்மாவின் மாடியறை காலி என்று கேள்விப்பட்டுப் போனார். போனவர் அறையை வளைய வளைய வந்தார்.

"வீடு பாக்க வந்தீங்களா தம்பி, அளக்க வந்தீங்களா?"

"பயமா இருக்கும்மா. நாலு சுவரும் நானும் மட்டும்னா, துணைக்குப் புட்டி வந்துருமோன்னு."

சொன்ன பிறகு மறைப்பானேன் என்று இழைப்புளியிலிருந்து பெஞ்சு வரைக்கும் மொத்தத்தையும் கொட்டினார். கொட்டிக்கொண்டே செருப்பையும் மாட்டினார், அவள் போகச் சொல்வதற்குள் தானே போய்விடலாமென்று.

தையற்காரம்மா வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்தாள். "மெஷின் சத்தம் மேல கேக்கும். சாயங்காலம் பூரா கடகடன்னு ஓடும். அது பரவால்லியா?"

கதவுக்காரர் மாட்டிய செருப்பைக் கழற்றினார். "கேக்கணும்மா," என்றார்.

மறுநாள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். பாதிப் படியில் கீழ்வீட்டுக்காரர் மறித்து, நீங்க யாரு, எங்கேருந்து வர்றீங்க என்று விசாரணையைத் தொடங்கினார். யாரென்று கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கூடத்தில் வாரந்தோறும் குடியை விட்டவர்கள் கூடும்போது முன்னால் வந்து சொல்லிப் பழகிய வாய். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் ஒரு குடிகாரன்..."

பின்னாலேயே ஏறி வந்த தையற்காரம்மா குனிந்து மூட்டையின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"குடித்தனக்காரரு," என்றாள் கீழ்வீட்டுக்காரரிடம். "மாடிக்கு வந்திருக்காரு."