நெடுந்தீவில் புதிய ஆங்கிலப் பாடத்திட்டமும் விக்ரோறியா ரீச்சரும்

2008 மாசியில் நான் நெடுந்தீவுக்குப் போனது அங்கே திரியும் காட்டுக் குதிரைகளைப் பார்க்க அல்ல. ஆங்கில ஆசிரிய ஆலோசகராக எனக்கு அது முதல் ஆண்டு. புதிய தேசியப் பாடத்திட்டப்படி வகுப்பு நடக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் காலை 6.40 பஸ். வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒன்றரை மணித்தியாலம். இரண்டு இடத்தில் படையினரின் சோதனைக்கு இறங்கி ஏறியதையும் சேர்த்துத்தான். பிறகு படகில் ஒரு மணித்தியாலம். அன்றைக்குக் காற்று, சட்டை முழுக்க உப்புத் தண்ணீர்.

பள்ளிக்கூட வாசலில் விக்ரோறியா ரீச்சர் நின்றார். ஐம்பது வயது தாண்டியவர். அங்கே ஆங்கிலத்துக்கு அவர் ஒருவர்தான். வகுப்புக்குள் போகுமுன் என்னை ஒதுக்கமாக அழைத்துத் தணிந்த குரலில் சொன்னார்:

“சேர், நான் இங்கிலிஸ் வாசிப்பன், எழுதுவன். கதைச்சதில்லை. இஞ்சை ஆரோடை கதைக்கிறது? இலக்கணம் படிப்பிச்சுப் பிள்ளையளைப் பாஸ் பண்ண வைச்சனான். இப்ப புதுமுறையிலை சோடி சோடியாய் இருந்து கதைக்கோணுமாம். எனக்கு ஏலாது. பென்சனுக்கு எழுதப்போறன்.”

முதலில் வகுப்பைப் பார்ப்போம் என்று உள்ளே நடந்தேன்.

பத்து மணிக்குப் பத்தாம் வகுப்பு. பதினாறு பிள்ளைகள். நான் பின்வரிசை வாங்கில் குறிப்புக் கொப்பியோடு இருந்தேன். ரீச்சர் புத்தகத்தைத் திறந்தார்; கரும்பலகையில் பாடத் தலைப்பை எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். பார்க்கப் பொறுக்காமல் கொப்பியை மூடிவிட்டு முன்னால் போனேன். ஒரு கதிரையை இழுத்து அவருக்கு எதிரே இருந்து, பாடத்தில் வரும் வழிப்போக்கனைப்போல ஆங்கிலத்தில் கேட்டேன்: “இறங்குதுறைக்கு எப்படிப் போவது?”

விடை புத்தகத்தில் அச்சாகி இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நனைந்த என் சட்டையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “யூ கேம் ஃபார். ஈற் வித் அஸ். தென் கோ.” தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்.

“ரீச்சர் இங்கிலிசிலை சாப்பிடக் கூப்பிடுறா!” என்று ஒரு பெண்பிள்ளை கத்தினாள். வகுப்பே சிரித்தது. ரீச்சரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சற்று நேரத்தில் பதினாறு பேரும் சோடி சோடியாய் ஒருவரையொருவர் ஆங்கிலத்தில் விருந்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் ரீச்சர் வீட்டுக் குசினியில் மீன்குழம்பு. “பென்சன்?” என்று கேட்டேன்.

“இந்தப் பிள்ளையள் சோதனை எழுதட்டும், சேர். பிறகு பாப்பம்.”

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையும் குடிதண்ணீரும் மறவாதீர்கள். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள்; எனக்கு 2.30 என்றார்கள், புறப்பட மூன்றேகால் ஆனது. வகுப்புப் பார்க்கப் போகும் ஆலோசகர்கள் பின்வரிசை வாங்கில் இருக்காதீர்கள்.

படகில் அறிக்கையை நிரப்பினேன். ‘புதிய முறை நடைமுறைக்கு வந்துவிட்டதா?’ என்றொரு கேள்வி. ‘இன்று காலை 10.20க்கு வந்தது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.