இரண்டு வாரம் எண்ணெய் காணாத செயின்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டாலும் பலன் இருக்காது. பின்வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினைக் கழற்றி மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப் போட்டுவிட்டாரென்றால் ஆள் இந்த உலகத்தில் இல்லை என்று அர்த்தம்.

ஊருக்கு அவர் தண்ணிக்காரர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக்களுக்குப் போகும் வால்வுகளைத் திறந்து மூடுவது அவர் வேலை. விடியற்காலை நாலரை மணிக்கு, குறுக்கே கைப்பிடி வைத்த நீளமான இரும்புச் சாவியை சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார். மொத்தம் பதினேழு வால்வுகள். எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்று எந்தக் காகிதத்திலும் கிடையாது, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது.

ஊறிய செயினைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். துணியில் உருவித் துடைத்துக் கொடியில் தொங்கவிடுவார். காய்ந்ததும் மாட்டி, ஒவ்வொரு கண்ணியின் உருளை மேலும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். பிறகு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். கண் பாதி மூடியிருக்கும். கருப்பாக, சத்தமே இல்லாமல் செயின் ஓடும். அந்த நேரம் தெருக்கள் எல்லாம் தன் முன்னால் வரிசையாக வந்து போவதுபோல அவருக்குத் தோன்றும். யாரும் இன்னும் எழுந்திராத தெருக்கள். மூடிய கதவுகளுக்கு உள்ளே ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் ஏறுகிற சத்தம்கூடக் கேட்கும்.

"சாமி வந்துடுச்சா?" என்பாள் மனைவி, முன்னறையில் தையல் மெஷினை மிதித்தபடி. அவர் காதில் விழாது.

அந்த வருடம் மழை விட்டபாடில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து பெரிய குழாய் உடைந்து, நாள் முழுவதும் குழிக்குள் நின்றார். வீட்டுக்கு வந்ததும் படுத்ததுதான் தெரியும். செயின் நனைந்தது, காய்ந்தது, மறுபடியும் நனைந்தது. மூன்றாவது வாரம் புதன்கிழமை தொட்டிக்குப் போகிற மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் துள்ளிக் கழன்றது. கால் வெற்றிடத்தில் இறங்கியது. வலது கையை ஊன்றி விழுந்தார்.

மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி, "எப்படி ஆச்சு?" என்றாள்.

"சேறு. வழுக்கிடுச்சு" என்றார், சுவரைப் பார்த்து.

அலுவலகத்தில் ஒன்றரை மாதம் விடுப்பு கொடுத்து வேறொருவரை அனுப்பினார்கள். முதல் நாளே ஒரு தெருவில் தண்ணீர் சாக்கடை வழியாக ஆறாக ஓடியது, அடுத்த தெருவில் ஒரு குடம்கூட நிறையவில்லை. மறுநாள் தலைகீழாக நடந்தது. மூன்றாம் நாள் அவர் வீட்டு வாசலில் கூட்டம். "நீங்க கூட வந்து சொன்னா போதும், கையே வேண்டாம்" என்று மேற்பார்வையாளர் கெஞ்சினார். புது ஆளோ அதற்குள் காய்ச்சல் என்று படுத்துவிட்டார்.

"நான் வர்றேன்" என்றாள் மனைவி.

"நீயா? சைக்கிள் விட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"கால் மறக்குமா? தினமும் எட்டு மணி நேரம் மெஷின் மிதிக்கிறேன்."

"என்னை வச்சு இழுக்கணுமே."

"முப்பது வருஷமா இழுத்துட்டுத்தானே இருக்கேன். இதுல என்ன புதுசு?"

அன்று பிற்பகலே சைக்கிளைப் பின்வாசலுக்குக் கொண்டுவந்தாள். அவர் இடது கையால் காட்ட, அவள் செயின் முனைகளைப் பூட்டும் லாக்கை நெம்பி எடுத்துச் செயினைக் கழற்றினாள். மண்ணெண்ணெய் காவி நிறமாக மாறியது. தேய்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"இந்த ஒரு கண்ணி மடங்கவே மாட்டேங்குது."

அவர் மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"துருப்பிடிச்சு இறுகியிருக்கு. இது பல்சக்கரத்துல எப்படி உட்காரும்? துள்ளித்தானே போகும்?" சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "சேறு இல்லயா அப்போ?"

"இல்ல."

"இதைச் சொல்றதுக்கு என்ன?"

"சைக்கிள கவனிக்காம விட்டுட்டேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணியை மட்டும் இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் அசைத்தாள். ஊசியில் சிக்கிய நூலை எடுக்கிற பொறுமை அது. அரை மணி நேரம் கழித்துக் கண்ணி மடங்கியது. மெஷின் எண்ணெயை எடுக்கப் போனவளை அவர் தடுத்தார்.

"அது ரொம்பத் தண்ணியா இருக்கும், ரெண்டு நாள்ல போயிடும். அலமாரியில கெட்டியானது இருக்கு. ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டுதான்."

சொட்டுவிட்டு முடித்து அவள் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கினாள்.

"வெளியில இருக்கிறத துடைச்சிடு. எண்ணெய் உள்ள இருந்தா போதும். வெளியில இருந்தா மண்ணுதான் ஒட்டும்."

அவர் திரும்பிப் பார்த்தார். துணி மடியில் கிடந்தது, கை தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, கண்கள் எங்கோ இருந்தன. இத்தனை வருடங்களாகத் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் முதன்முறையாகத் தெரிந்துகொண்டார். கூப்பிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடியலில் கிளம்பினார்கள். மேகம் தெருவிளக்கு உயரத்துக்கு இறங்கியிருந்தது. கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மாவுக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "இடது... இங்க நிறுத்து... பதினோரு சுற்று" என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் இறங்கி, சாவியைக் குழிக்குள் விட்டு, உடம்பின் முழுக் கனத்தையும் கொடுத்துத் திருகினாள். நிலத்துக்கு அடியில் ஏதோ பெருமூச்சு விட்டதுபோல் சத்தம் எழுந்தது.

"ஞாயித்துக்கிழமை நீங்க கேட்கிறது இதுதானா?" என்றாள் ரகசியமாக.

"இதுதான்."

"நல்லா இருக்கே. ஒருநாள்கூட சொன்னதில்லயே நீங்க."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நாற்பது நாட்கள் இப்படியே போயின. சுற்றுகள் அவளுக்கு மனப்பாடமான பிறகு சில நாட்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சுற்றி வந்தார்கள். கதவு திறந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிப்போனார்கள். மேற்பார்வையாளர் ஒருமுறை எதிரில் வந்து, தலையைச் சொறிந்து, "தண்ணி வருதில்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை வெளுத்து, யாருடையதோ போல இருந்தது. பயிற்சி செய்து பழையபடி ஆனதும் அவர் வேலைக்குத் திரும்பினார். அவள் தையல் மெஷினுக்குத் திரும்பினாள். முதல் வாரம் முழுவதும், இருவரைச் சுமந்து பழகிய சைக்கிள் பின்னால் எடையே இல்லாமல் அலைந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வா என்று கூப்பிடவும் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விழித்தபோது பக்கத்துப் பாய் காலி. வாசலில் சைக்கிளும் இல்லை, சாவியும் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார். முதல் தெருவில் குழாய்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தன. இரண்டாவது தெருவிலும் அப்படியே. மூன்றாவதில் அவர் நுழையும்போதுதான் முதல் குழாய் இருமி, காற்றைத் துப்பி, தண்ணீர் விட்டது. அப்படியென்றால் அவள் இரண்டு வளைவுகள் முன்னால் போகிறாள். ஓடினால் பிடித்துவிடலாம்.

அவர் ஓடவில்லை. யாரோ மூட மறந்திருந்த தெருக்குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, அவள் திறந்துவிட்டுப் போன தண்ணீருக்குப் பின்னாலேயே ஒவ்வொரு தெருவாக மெல்ல நடந்தார்.