தன்னால் சிவந்த காது

எனக்குத் தலைவலி வந்தால் இடது பக்கம்தான் வரும். இடது கண்ணில் நீர் கொட்டும், இடது மூக்கு ஒழுகும், இடது காது மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிடும். வலது பக்கம் மட்டும் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரி மாதிரி எதிலும் பட்டுக்கொள்ளாமல் இருக்கும்.

அப்போது எனக்கு ஏழு வயது. பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மத்தியானம் அந்தக் கோலத்தில் வீட்டுக்கு வந்தேன். வள்ளியூரிலிருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன், வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, காது ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? டீச்சர் திருகினாளா?”

வாயைத் திறக்க முடியவில்லை. தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் முழு உயிரும் போகும். மேலும் கீழும் ஆட்டினால் பாதி உயிர்தான் போகும். மேலும் கீழும் ஆட்டினேன்.

தூங்கி எழுந்தபோது வலி போயிருந்தது, பள்ளிக்கூடமும் போயிருந்தது. “பொட்டப்புள்ள படிச்சது போதும்” என்று அப்பா சொல்லிவிட்டாராம். இரண்டு கண்ணாலும் அழுதேன். டீச்சர் திருகவில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும், பயத்தில் பிள்ளை மாற்றிப் பேசுகிறாள் என்றார் மாமா.

மறுநாள் டீச்சரை ஒரு வழி பண்ணிவிட்டு வருவதற்காக என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார். நல்ல வெயில். மாமாவின் குரலோ ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும். அவர் கத்தக் கத்த, எனக்கு இடது நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்தது.

டீச்சர் அசையவில்லை. கையிலிருந்த புத்தகத்தை மேசையில் வைத்தார். “அண்ணாச்சி, என் கை ரெண்டும் இங்கன இருக்கு. பிள்ளை காதைக் கொஞ்சம் பாருங்க.”

மாமா குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். கடைசியில் ஊதியும் பார்த்தார்.

“இதென்ன கூத்து, தன்னால செவக்குது!”

வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் ஓர் ஓலைப்பெட்டி உடன்குடிக் கருப்பட்டி டீச்சர் வீட்டுக்குப் போனது. நான் பள்ளிக்கூடம் போனேன். அந்தக் காதுக்கு நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சமல்ல.

மாமா இந்தக் கதையை நடித்துக் காட்டும்போதெல்லாம் அம்மாவும் சிரிப்பாள். சில நாள் முந்தானையால் இடது காதை மூடிக்கொண்டு சிரிப்பாள். ஒற்றைக் கண் கலங்கியிருக்கும். கேட்டால், “அடுப்புப் புகை, ஏட்டி” என்பாள். அடுப்பு மூட்டாத நேரத்திலும் அதையேதான் சொல்லுவாள், நாங்களும் நம்பினோம். அம்மாவின் காதை யார் திருகியது என்று கேட்க மாமாவுக்குத் தோன்றவில்லை. அதே காதை வைத்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.